பாகல் கொடிக்குக் கட்டிய கொசுவலை

லூமுட் துறைமுகத்தில் படகு வேலையை விட்டுவிட்டு, சிலிபினில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவுக்குப் புற்றுநோய். வீட்டுக்குப் பின்னால் காய்த்த பாகற்காயை மட்டும் சாப்பிடக் கேட்டாள். காய்களிலெல்லாம் ஈ குத்திப் புழு வைத்திருந்தது.

முன்பு குடும்பத்தோடு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்தபோது கொண்டுவந்த பழைய கொசுவலையால் கொடி முழுவதையும் மூடிக் கட்டினேன். ஒரு ஈகூட நுழையவில்லை என்று எனக்குப் பெருமை. பத்து நாளில் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது.

அக்கா சிரித்தாள். “டேய், தேனீயையும் வெளிய நிறுத்திட்டியே. அப்புறம் எப்படி காய்க்கும்லா?”

வலையைக் கழற்றி, பிஞ்சு விட்டதும் ஒவ்வொன்றுக்கும் அதிலேயே பை தைத்துப் போட்டேன். முதல் காய் பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது அக்கா போய்விட்டாள்.

பதினாறாம் நாள் படையலுக்குப் பாகற்காய் அரிந்தேன். ஒன்றில்கூடப் புழு இல்லை.