ரோனா டீச்சர் பேசிய கொரிய மொழி

ரோனா பெட்ரி கொரிய மொழியைக் கற்றுக்கொண்டது ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம். குன்சான் துறைமுக ஊருக்கு வந்து இறங்கியபோது அந்த மொழியில் வணக்கம் சொல்லக்கூட அவளுக்குத் தெரியாது. டியூஷன் சென்டரில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவதையும் திட்டுவதையும் கேட்டுக் கேட்டு, இரண்டே வருடத்தில் நாக்கு பழகிவிட்டது. வா, போ, குடு, தள்ளிக்கோ, நீ ஏன் அழுவுற, எனக்குப் பசிக்குது. காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் அவள் இப்படித்தான் பேசினாள். "ரெண்டு வெங்காயம் குடு" என்று கேட்டால் அறுபது வயதுக் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கூடுதலாக ஒரு வெங்காயம் போட்டு, "எவ்வளவு நல்லாப் பேசுறீங்க" என்பார். ரோனா அதை நம்பினாள்.

அவள் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், மீன் ஏலச் சத்தத்தில் விடியும் ஊர் ஒன்றில் பிறந்தவள். ஊர் நூலகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். நூலகத்தை மூடினார்கள். முப்பத்தொரு வயதில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது, கொரியாவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு வருடம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவள், ஒப்பந்தத்தை இரண்டு முறை நீட்டித்தாள்.

சென்டர் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே மருந்துக் கடை, நடுவில் பியானோ வகுப்பு. பள்ளி விட்டதும் மஞ்சள் வண்டி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரும். வாசலில் செருப்பைக் கழற்றி, சென்டர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துச் சட்டையில் குத்தியிருப்பார்கள். ரோனா அந்தப் பெயர்களைச் சொல்ல மறுத்தாள். சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிள்ளைகளுக்கு அதனாலேயே அவளைப் பிடிக்கும்.

அவளோடு வகுப்பைப் பகிர்ந்துகொண்டவள் மிசொன். முதல் நாளே "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். ரோனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் ரோனா தன்னைவிட இரண்டு வயது பெரியவள் என்று தெரிந்ததும் மிசொன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நீங்க எனக்கு அக்கா" என்றாள். அன்றிலிருந்து அக்காதான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ரோனா ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவாள். மிசொன் அதைக் கொரிய மொழியில் எழுதி வீட்டுக்கு அனுப்புவாள்.

மூன்றாம் வருடத்தில் சேபொம் என்ற பெண் குழந்தை அந்த வகுப்புக்கு வந்தாள். வாசிப்பில் கெட்டிக்காரி. முதல் மாதம் எல்லாக் கேள்விக்கும் அவள் கைதான் முதலில் உயரும். பிறகு மெல்ல மெல்லக் கை இறங்கியது. பாதி வகுப்பில் தலை மேசையில் சாயும். மற்ற பிள்ளைகள் சிரித்தால் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காருவாள். பள்ளி முடிந்து அபாகஸ் என்கிற மணிச்சட்டக் கணக்கு, பிறகு ஆங்கிலம், பிறகு கீழே பியானோ, பிறகு கணிதம் என்று அவளுக்கு வரிசையாக இருந்தது. அப்படி ஓடுகிற பிள்ளைகள் இன்னும் பத்துப் பேர் அந்த வகுப்பில் உண்டு. சேபொமிடம் மட்டும் ரோனா இன்னொன்றைக் கவனித்தாள். கேள்வி கேட்டால் போதும், அந்தக் குழந்தையின் விரல் புருவத்துக்குப் போகும். ஒரு முடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தின் நடுவே வைப்பாள். ஏப்ரல் மாதக் கடைசியில் இடது புருவம் பாதி காணாமல் போயிருந்தது.

ரோனா அறிக்கையில் எழுதினாள்: சேபொம் வகுப்பில் தூங்குகிறாள், புருவ முடியைப் பிடுங்குகிறாள், தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். பதில் இல்லை. அடுத்த மாதம் இன்னும் அழுத்தி எழுதினாள். இரண்டு நாள் கழித்துச் சேபொமின் அம்மா ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு மாடியேறி வந்து, இடுப்பு வளைய வணங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ரோனா அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எதற்கு நன்றி என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் அலுவலறையில் அந்த அறிக்கையின் நகலைத் தேடி எடுத்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்க அவளுக்கு வரும். அகராதியில் புருவம் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு தாளில் தேடினாள். இல்லை. தூக்கம் இல்லை. மருத்துவர் இல்லை.

"மிசொன், இதுல என்ன எழுதியிருக்க?"

மிசொன் தாளைப் பார்த்தாள். மறைக்கவில்லை. "சேபொம் ரொம்ப ஆழமா யோசிக்கிற குழந்தை, கொஞ்சம் ஓய்வு கிடைச்சா இன்னும் நல்லா மலருவான்னு எழுதியிருக்கேன்."

"நான் எழுதினது அது இல்லையே."

"இல்லதான் அக்கா."

"இதுக்கு முன்னாடி எழுதினது?"

"எல்லாமே கொஞ்சம் மாத்தித்தான் எழுதுவேன். இப்படி முகத்துல அடிச்ச மாதிரி யாரும் தாள்ல எழுத மாட்டாங்க. அது காலத்துக்கும் வீட்டுல கிடக்கும். மாமியார் பாப்பாங்க, நாத்தனார் பாப்பாங்க."

ரோனாவுக்குக் காது சூடாகியது. இரண்டரை வருடமாகத் தாய்மார்கள் தன்னிடம் காட்டிய அன்பெல்லாம் தான் எழுதாத எழுத்துக்குக் கிடைத்த அன்பா?

"அந்தப் பிள்ளைக்குப் புருவமே போயிடும் போல. நீ மலர்றதைப் பத்தி எழுதிட்டிருக்க."

"நான் போன்ல பேசிட்டிருக்கேன்" என்றாள் மிசொன், குரலைத் தாழ்த்தி. "நாலு தடவை பேசிட்டேன். சேபொம் அப்பா கோஜே கப்பல் பட்டறையில இருக்கார், மாசம் ரெண்டு தடவைதான் வருவார். அவங்க அம்மா தனியா எல்லாத்தையும் பாக்குறாங்க. எடுத்த உடனே சொன்னா போனை வச்சிடுவாங்க. போன வாரம் மணிச்சட்டத்தை நிறுத்திடலாமான்னு அவங்களே கேட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் குடுங்க அக்கா."

"ரெண்டு மாசத்துல இன்னொரு புருவமும் போயிடும்" என்று சொல்லிவிட்டு ரோனா எழுந்து போனாள். மிசொன் சொன்னதில் பாதியை அவள் காதில் வாங்கவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்ற ஒன்றுதான் உள்ளே நின்றது.

ஜூன் மாதம் தாய்மார்கள் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். பதினோரு பேர் பின்சுவரை ஒட்டிச் சிறு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சென்டரை நடத்தும் தலைவி குவாக் பட்டுச் சட்டையில் கதவோரம் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தி வாசிக்க வேண்டும். சேபொம் எழுந்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பத்தி. வாய் திறக்கவில்லை. விரல் புருவத்துக்குப் போனது.

"கையை எடு" என்று பின்னாலிருந்து அவள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அறை முழுக்கக் கேட்டது.

ரோனா அந்த நாளைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் ஒரு பாட்டைப் போட்டு எல்லாரையும் எழுப்பி விட்டிருக்கலாம். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் நேராகப் பின்சுவருக்கு நடந்து போய், தனக்குத் தெரிந்த கொரிய மொழியில், எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"நீ பாக்கலையா? இவ புருவத்தைப் பாரு. இவ தூங்குறதே இல்ல. எல்லாம் உன்னாலதான். இவளைத் தூங்க விடு."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சேபொமின் அம்மா எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மற்ற தாய்மார்களைப் பார்த்து வணங்கி, "என் பிள்ளையால உங்க எல்லாருக்கும் தொந்தரவு. மன்னிச்சிடுங்க" என்றாள். கதவோரம் நின்ற குவாக்குக்கு ஒரு வணக்கம். ரோனாவுக்கும் ஒன்று. பிறகு மகளின் பையை எடுத்துக்கொண்டாள்.

சேபொம் நகரவில்லை. ரோனாவை நிமிர்ந்து பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு முழு ஆங்கில வாக்கியம் வந்தது.

"டீச்சர், எங்கம்மா சின்னப் பிள்ளை இல்ல."

அவ்வளவுதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

குவாக் கத்தவில்லை. "உங்களுக்குக் களைப்பா இருக்கும். சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்று புன்னகையோடு சொன்னாள். பிறகு மிசொனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த மிசொனின் கண்கள் சிவந்திருந்தன.

"உன்னை எதுக்குத் திட்டணும்? பேசினது நான்."

"நீங்க வெளிநாட்டுக்காரங்க. உங்களைப் பாத்துக்க வேண்டியது நான்."

"நான் சொன்னதுல என்ன பொய்?"

மிசொன் மேசையில் கிடந்த அறிக்கைத் தாள்களை அடுக்கினாள். "பொய் ஒண்ணும் இல்ல. ஆனா எப்படிச் சொன்னீங்கன்னு தெரியுமா? நீ, உன்னால, விடுன்னு. உங்களைவிட ஏழு வயசு பெரியவங்ககிட்ட, பத்துப் பேர் முன்னாடி, தெருவுல விளையாடுற பசங்க பேசுற மாதிரி."

ரோனாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. வெங்காயக் கடைக்காரர். பஸ் ஓட்டுநர். மருந்துக் கடை அம்மாள். வீட்டுக்காரரின் வயதான தகப்பனார். இரண்டரை வருடமாக ஊர் முழுக்க எல்லாரிடமும் அவள் அப்படித்தான் பேசியிருக்கிறாள்.

"ஏன் யாரும் சொல்லல? நீ ஏன் சொல்லல?"

"முதல்ல அழகா இருந்துச்சு. பிள்ளை பேசுற மாதிரி. அப்புறம் சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்." மிசொன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது என் தப்பு அக்கா."

அந்த வாரமே சேபொமின் பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இன்னும் இரண்டு தாய்மார்களும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மிசொன் ஒரு பெட்டிப் பேரிக்காயோடு சேபொம் வீட்டுக்குப் போய், வாசலில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். கதவு திறந்தது, ஆனால் பேரிக்காய் உள்ளே போகவில்லை. இதை ரோனா மஞ்சள் வண்டி ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மாதக் கடைசியில் மிசொன் வேலையை விட்டாள். விட்டாளா, விடச் சொன்னார்களா என்று ரோனா கேட்டபோது, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

ரோனா ஒரு மன்னிப்பு வாக்கியத்தை எழுதி, நீங்கள், உங்களை, தாங்கள் எல்லாம் சரியாக விழுகிற வரைக்கும் மூன்று நாள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். சேபொமின் அம்மா பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள் என்று விசாரித்து, மதியச் சாப்பாட்டு வேளையில் அங்கே போனாள். சட்டையில் பியொன் யங்ஜு என்று பெயர் குத்தியிருந்தது. எல்லாரும் சேபொம் அம்மா என்றே கூப்பிட்டதில், அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று ரோனா நினைத்துப் பார்த்ததேயில்லை.

ரோனா வணங்கினாள். வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

"உங்க கொரிய மொழி நல்லா முன்னேறியிருக்கு" என்றாள் யங்ஜு. நோயாளிகளிடம் பேசுகிற அதே மரியாதைக் குரல். "பல் வலியா இருந்தா அட்டை எழுதுறேன்."

"இல்லைங்க. சேபொம் எப்படி இருக்கான்னு..."

யங்ஜு காத்திருக்கும் நாற்காலிகளைப் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டாள். "டீச்சர், தலையணையில புருவ முடியை முதல்ல பாத்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஜனவரியிலயே பாத்தேன். தினமும் காலையில அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் துடைச்சு எடுக்குறேன். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"அப்ப டாக்டர்கிட்ட..."

"அது எங்க வீட்டு விஷயம்." அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினாள். "உங்க வகுப்புன்னா சேபொமுக்கு உயிர். அதனாலதான் மத்த எதை நிறுத்தினாலும் அதை நிறுத்தக் கூடாதுன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்ப வேற இடத்துல சேத்துட்டேன். அங்க ஒரு மணி நேரம் கூடுதல்."

தொலைபேசி மணி அடித்தது. யங்ஜு அதை எடுத்து, இனிமையான குரலில் மருத்துவமனையின் பெயரைச் சொன்னாள். ரோனா மறுபடி வணங்கிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் நடந்தவள், அங்கே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. குவாக் அதை நீட்டிக்கவில்லை. ஊருக்குத் திரும்ப ரோனாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்து நகரமான இக்சானில் வேறொரு சென்டரில் சேர்ந்தாள். பெரியவர்களுக்கான மொழி வகுப்பில், மணமாகி வந்த வியட்நாம் பெண்களோடு உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து தொடங்கினாள். கடைகளில் இப்போது யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார்கள்.

மறு வருட வசந்தத்தில் மிசொன் அவளைப் பார்க்க வந்தாள். ஒரு கிளிஞ்சல் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். மிசொனுக்கு நகராட்சி அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. ரோனா கேட்க நினைத்ததைப் பாதிக் கிண்ணம் தீர்ந்த பிறகுதான் கேட்டாள்.

"சேபொம்?"

"ரெண்டு விதமாச் சொல்றாங்க. கோஜேக்கு அப்பாகிட்டயே குடும்பமாப் போயிட்டாங்க, இப்ப நல்லா இருக்கான்னு ஒருத்தங்க சொன்னாங்க. இன்னொருத்தங்க அவளைப் போன மாசம் குன்சான்ல பாத்தாங்களாம். கண்ணு வரைக்கும் இழுத்துவிட்ட தொப்பி போட்டிருந்தாளாம்."

"எது நிஜம்?"

"தெரியல அக்கா."

"அந்த ரெண்டு மாசத்தை நான் குடுத்திருந்தா?"

மிசொன் ஒரு கிளிஞ்சல் ஓட்டைப் பிரித்துச் சதையை எடுத்து ரோனாவின் கிண்ணத்தில் போட்டாள். "சரியாகியிருக்கலாம். ஆகாமயும் போயிருக்கலாம். நானும் ரொம்ப மெதுவாத்தான் போனேன். அதை நினைச்சா எனக்கும் தூக்கம் வர்றதில்ல."

"என் மேல கோபம் இல்லையா?"

"இருந்துச்சு." அடுத்த ஓட்டைப் பிரித்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. சாப்பிடுங்க, ஆறிடும்."

ரோனா சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கூடுதலாக இருந்தது. கிண்ணத்தின் அடிவரை குடித்து முடித்தாள்.