நாலு மூலையும் ஒரு தார்ப்பாயும்

ஸ்டீல் கிட்டாரின் அந்த இழுவை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் கால் தூக்கி வைத்துப் போகாமல், ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே போகிற அழுகை. ஒஸ்லோவுக்குக் கிட்ட ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், சப்பாத்துக் கடை வாசலில், கூரைக்குள் எங்கேயோ ஒளித்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து அது ஒழுகிக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். உடனே மூக்குக்குள் வெந்த பருத்தியின் மணம் ஏறியது. சோப்பும் ஆவியும் கலந்த, அப்போதுதான் சுட்ட பாணுக்குக் கிட்டவான ஒரு மணம்.

"என்னப்பா, சப்பாத்து வேணுமோ?" என்றாள் மனைவி.

"இல்லை. கேளும்."

கேட்டாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாய் இளகியது. "அக்கான்ரை கிட்டார் மாதிரி," என்றாள். பிறகு, "ஆனா இது அழுறமாதிரி நடிக்குது," என்றாள்.

பல வருடங்களுக்கு முன், இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவின் கிழக்கே, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற லோன்றி ஒன்றில் எனக்கு வேலை. பகலெல்லாம் வெள்ளை. வெளியே பனி வெள்ளை, உள்ளே விரிப்பு வெள்ளை. கண்ணை மூடினாலும் வெள்ளை. சின்ன விரிப்புகளை இயந்திரமே மடித்துத் தள்ளும். பெரியவற்றை அது கசக்கிவிடும். அவற்றை இரண்டு பேர் நின்று கையால் மடிக்கவேண்டும். எதிரெதிராக நின்று, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து, நடுவில் சந்தித்து, என் மூலைகளை எதிரில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிக்கவேண்டும். திரும்பவும் பின்னால் போகவேண்டும். திரும்பவும் வரவேண்டும். நாள் முழுக்க ஒரே ஆளோடு ஆடுகிற ஆட்டம்.

எனக்கு எதிரில் நின்றவர் அக்கா.

நோர்வேயில் முதலாளியைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட எவ்வளவோ மூத்த ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்குப் புரளவில்லை. முதல் கிழமையே "அக்கா" என்று வந்துவிட்டது. என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன்.

"உனக்குச் சகோதரி வேணுமோ, இல்லாட்டி உன்னை ஏச ஒரு ஆள் வேணுமோ?"

"ரெண்டும் ஒண்டுதான் அக்கா."

உள்நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் நோர்வேஜியன் அவருடையது. சொற்களின் வாலை விழுங்கிவிடுவார். ஆனால் இன்றைக்கு நினைக்கும்போது அவர் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவர் கன்ட்ரி பாட்டுக்காரி. வீட்டில் மடியில் கிடத்தி வாசிக்கிற ஒரு ஸ்டீல் கிட்டார் வைத்திருந்தார். இரும்புத் துண்டொன்றால் தந்தியைத் தடவுவார். தானே பாட்டுக் கட்டுவார். மடிக்கும்போது எனக்குப் பாடிக் காட்டுவார். எல்லாவற்றிலும் புல்வெளி, குதிரை, விஸ்கி, தூசி பறக்கும் நெடுஞ்சாலை. வெளியே ஒஸ்லோ மழை கொட்டும், உள்ளே அக்காவின் பாட்டில் தூசி பறக்கும்.

"அக்கா, நீங்கள் குதிரையிலை ஏறியிருக்கிறியளோ?"

"இல்லை."

"பிறகென்ன குதிரை?"

"நீ நிலாவைப் பற்றிக் கவிதை எழுதிறனி எண்டாய். நிலாவிலை இறங்கினனியோ?"

நான் மூலையை இழுத்தேன்.

ஒரு காலை, பாட்டு இல்லாமல் மடித்துக்கொண்டிருந்தோம். நடுவில் சந்திக்கும் இடத்தில், என் கையிலிருந்து மூலைகளை வாங்கிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார். அவருடைய கணவர் இறந்தது நாங்கள் துணி வெளுக்கிற அதே ஆஸ்பத்திரியில்தானாம். செத்தவீடு முடிந்ததும் அவர் வேலைக்கு வந்துவிட்டார். "அந்தக் கிழமை வந்த பெட்ஷீற் முழுக்க நான்தான் மடிச்சனான். எது அவர் கிடந்தது எண்டு தெரியேல்லை. அதாலை எல்லாத்தையும் அவர் கிடந்தது மாதிரியே மடிச்சன்."

சொல்லிவிட்டுப் பின்னால் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"என்ன மரம்மாதிரி நிக்கிறாய்? இழு."

"அக்கா, இதுதான் பாட்டு."

"எது?"

"இப்ப சொன்னது. குதிரையை அவிட்டு விடுங்கோ."

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் பாட்டை மடித்தோம். இழுக்கிறதுக்கு ஒரு அடி, உதறலுக்கு ஒரு தட்டு, நடந்து வருவதற்கு ஒரு நீளம். தாளம் எங்கள் காலிலேயே இருந்தது. சொல் அவருடையது. எந்தச் சொல் கனம், எது காற்று என்று மட்டும் நான் சொல்லுவேன். சில நாள் என் பேச்சைக் கேட்பார். சில நாள், "நீ முதல் நோர்வேஜியனைப் பாடமாக்கு," என்பார். பாட்டுக்கு 'நாலு மூலை' என்று பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

உன் ரெண்டு மூலை உன் கையில்,
என் ரெண்டு மூலை என் கையில்,
கிட்ட வா, கிட்ட வா,
கொண்டு வந்ததைக் கொடுத்துவிட்டுப் போ.

கடைசிச் சரணத்தில், எது அவருடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மடித்த அந்தக் கிழமை.

வசந்தத்தில் ஒரு போட்டி வந்தது. லோறென்ஸ்கூக் பக்கம் கார் விற்கிற பெரிய மண்டபம் ஒன்று நடத்தியது. பாட்டெழுதும் பொழுதுபோக்குக்காரர்களுக்கான கன்ட்ரி போட்டி. சொந்தப் பாட்டாக இருக்கவேண்டும். உள்ளூர் வானொலி பாட்டுகளைப் போடும். கேட்கிறவர்கள் கைத்தொலைபேசியில் எஸ்.எம்.எஸ். அனுப்பித் தெரிவுசெய்வார்கள். மேலே வருகிறவர்கள் மண்டபத்தில் பாடவேண்டும், அங்கேயும் தெரிவு எஸ்.எம்.எஸ்.ஸில்தான். வெல்லுகிற பாட்டை இசைத்தட்டாகப் போடுவார்கள்.

அக்கா பயந்தார். "எனக்கு வெல்லத் தேவையில்லை," என்றார். "என்னைத் தெரியாத ஒரு ஆள் இந்தப் பாட்டைக் கேக்கவேணும். கேட்டுப்போட்டு, ஓம் எண்டு சொல்லவேணும். என்னைத் தெரிஞ்சவை எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். பாவம் எண்டு சொல்லுவினம்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு ஆளின் ஒரு ஓம்.

பாட்டு மேலே வந்தது. மேலே என்றால், எல்லாப் பாட்டுகளுக்கும் மேலே. அன்று லோன்றியில் அக்கா ஒரு விரிப்பைத் தலையில் போர்த்துக்கொண்டு இயந்திரங்களைச் சுற்றி ஆடினார். "தெரியாத சனம்!" என்று கத்தினார். "அவ்வளவு தெரியாத சனம்!"

போட்டியை நடத்தியவர் அவரைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். மனிதர் அகன்ற தொப்பி போட்டிருந்தார். அவருக்கும் மாட்டுக்கும் இருந்த ஒரே உறவு அவருடைய சப்பாத்து. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கோப்பியும் கேக்கும் தந்தார். அக்காவின் கிட்டாரைத் தொட்டுப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தார்.

"மெட்டு அருமை. சனமும் உங்கட பக்கம். சின்ன மாற்றந்தான்," என்றார். "ஆஸ்பத்திரி வேண்டாம். செத்த ஆளும் வேண்டாம். கார் வாங்க வாற சனம். அதுகளை அழவைச்சு என்ன செய்ய?"

"அப்ப பெட்ஷீற்?" என்றார் அக்கா.

"அதைத் தார்ப்பாயாக்குவம். பிக்கப் வண்டியின்ரை பின்பக்கத்தை மூடுற தார்ப்பாய். அதுக்கும் நாலு மூலைதானே? ஒரு பெடியன், ஒரு பெட்டை, ஆளுக்கு ரெண்டு மூலை பிடிச்சுக் கட்டினம். கட்டிப்போட்டு மலைக்குப் போகினம். கொஞ்சம் வேகமா, வரிசையா நிண்டு ஆடக்கூடியமாதிரி. 'கிட்ட வா' எண்ட இடத்தை இங்கிலிசிலை வையுங்கோ."

வெளியே வந்ததும் நான் கொதித்தேன். அக்கா கொதிக்கவில்லை. பஸ்சுக்குள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அவ்வளவு சனம் கேட்டிருக்குது," என்றார். "அதுகள் ஓம் எண்டிட்டுதுகள். நான் இல்லையெண்டு வீட்டிலை இருக்கிறதோ? தார்ப்பாயெண்டாலும் மெட்டு என்ரைதானே."

அடுத்த கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். இடியப்பம், சொதி, மீன்குழம்பு. அக்கா லெஃப்ச கொண்டுவந்தார், தான் சுட்டது. மனைவி ஒரு துண்டு பிய்த்துப் பார்த்து என்னிடம் தமிழில், "சீனி போட்ட ரொட்டியப்பா, பாவம் மனுசி," என்றாள். சொதியை அக்கா சூப் மாதிரிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பாட்டுப் பற்றிய பேச்சு வந்தது. மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா வெல்லாமல் விடுவமோ? நான் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போனிலை நிண்டனான். லோறென்ஸ்கூக்கிலை இருக்கிற எங்கட சனம் எல்லாத்துக்கும் சொன்னனான். அவை தங்கட ஆக்களுக்குச் சொன்னவை. பேர்கனிலை என்ரை சித்தியின்ரை மகள் தன்ரை வேலையிடத்தையே எஸ்.எம்.எஸ். போடவைச்சவள்!"

எனக்கு இது அதுவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் தடுத்திருப்பேனா என்பது வேறு கதை. எங்களுக்கு இது பழக்கம். ஒருவருக்கு ஒன்றென்றால் தொலைபேசிகள் ஒன்றையொன்று எழுப்பும். வீடு மாறுவதற்கு, செத்தவீட்டுக்கு, வைத்தியருக்கு மொழிபெயர்க்க. ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் எங்கள் அன்பு. அந்த அன்பில் ஒருவருக்கும் பாட்டைக் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா கரண்டியை வைத்தார்.

"அவை பாட்டைக் கேட்டவையோ?"

"பேர்கனுக்கு அந்த ரேடியோ எடுக்காதே அக்கா."

"நீ?"

மனைவி என்னைப் பார்த்தாள். "எனக்கு அந்த நேரம் வேலை," என்றாள் மெதுவாக.

அவ்வளவு தெரியாத சனமும் ஒரே கணத்தில் எங்கள் சொந்தக்காரராகிவிட்டார்கள். அக்கா அழுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய், வாசலில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரைக் கொண்டுவந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்து மடியில் கிடத்தினார்.

"அப்ப இப்ப கேள்," என்றார் மனைவியிடம்.

பாடினார். தார்ப்பாய் இல்லை, விரிப்புத்தான். மனைவிக்குப் பள்ளத்தாக்குச் சொற்கள் பாதி விளங்காது. கடைசிச் சரணத்தில் நான் அவள் காதில் தமிழில் சொன்னேன். அவள் அப்போது அதே ஆஸ்பத்திரியில் தாதிகளுக்கு உதவியாள். பாட்டு முடிந்ததும் கைதட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வேலை விசயம் கதைக்கிற குரலில் சொன்னாள்.

"ஒராள் செத்தா, சொந்தக்காரர் உள்ளுக்கு வாறதுக்கு முதல் நாங்கள் புதுப் பெட்ஷீற் விரிப்பம் அக்கா. அலுமாரியிலை தேடி, மடிப்பு நேரா விழுந்ததாப் பாத்து எடுப்பம். சிலது அவ்வளவு நேரா இருக்கும். ஆர் இவ்வளவு பாத்து மடிச்சதெண்டு யோசிக்கிறனான்."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டாரைத் துணியால் மூடினார். "தார்ப்பாய் இல்லை," என்றார். "இந்தமுறை போனைத் தொடக்கூடாது. கேட்டவை மட்டும் போடட்டும்."

மண்டபத்தில், புதுப் பிக்கப் ஒன்றின் முதுகில் ஏறி நின்றுதான் பாடவேண்டும். எல்லோரும் தொப்பி, பூட்ஸ். அக்கா லோன்றியின் நீலச் சட்டையில் வந்திருந்தார். நிற்கவில்லை. பிக்கப் விளிம்பில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, எங்கள் வேகத்தில், நடந்து வந்து மூலை கொடுக்கிற வேகத்தில் பாடினார். ஆட வந்தவர்கள் இடுப்புப்பட்டியில் பெருவிரலைச் செருகிக்கொண்டு நின்றார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முன்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண், தன் மழைக்கோட்டை மடியில் வைத்து மூலைக்கு மூலை மடித்துக்கொண்டிருந்தார். தான் மடிப்பது அவருக்கே தெரியவில்லை. அக்கா அதைக் கண்டார். நான் அவர் கண்டதைக் கண்டேன்.

பிக்கப் பாட்டுப் பாடிய இளைஞன் ஒருவன் வென்றான். நல்ல குரல் அவனுக்கு. அந்தப் பாட்டு அந்தக் கோடை முழுக்க விளம்பரமாக ஓடியது. அக்கா கடைசி.

அதே கோடையில் அவர் வேலையை விட்டுத் தன் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார். லோன்றியில் கேக் வெட்டி விடைகொடுத்தார்கள். எனக்கு அன்றிரவு கோயில் கூட்டம் ஒன்று, அரைகுறையாய் ஓடிவிட்டேன். ஆதலால் எனக்குப் பிரிவென்றால் அந்த மண்டபத்துக்கு வெளியே இருந்த பஸ் தரிப்புத்தான். சாரல் மழை. நானும் மனைவியும் பக்கத்தில். அக்கா கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார், கடைசியாக வந்தவர் மாதிரியே இல்லை. அவருடைய பஸ் முதலில் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"உண்மை சொல்லு. ஒருத்தருக்கும் போன் அடிக்கேல்லைத்தானே?"

"ஒருத்தருக்கும் இல்லை அக்கா."

"ஒருத்தருக்குமே?"

மனைவி தரையைப் பார்த்தாள். "பேர்கனுக்கு மட்டும். ஆனா முழுப்பாட்டையும் தமிழாக்கிப் பாடிக் காட்டிப்போட்டுத்தான், பிடிச்சாப் போடு எண்டனான்."

"என்ன சொன்னவள்?"

"திருப்பி ஒருக்காப் பாடச் சொன்னவள்."

சாரதி கதவை மூடப் பார்த்தார். அக்கா கையைக் குறுக்கே நீட்டினார்.

"அப்ப அது என்ரை ஓம்தான்," என்றார்.