சுண்டுவிரல் பரீட்சை

ஹமீமா டீச்சருக்கு இந்த உலகத்தில் பிடித்த ஆட்கள் மிகக் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரும் எட்டு வயதைத் தாண்டாதவர்கள். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் உதட்டைச் சுழிப்பார். அதிலும், பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் நல்லது என்று சிபாரிசு செய்யக் கிளம்பும் பெரிய மனிதர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அட்டையைத் தட்டிப் பார்ப்பார்களாம், கனத்தைப் பார்ப்பார்களாம், கடைசிப் பக்கத்தில் நீதி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மாடு வாங்கவா போகிறார்கள்? பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றாது.

டீச்சரிடம் இருந்தது ஒரே பரீட்சைதான். இடைவேளை முடிந்து, கூரைத் தகரம் கொதிக்கும் நேரத்தில் இரண்டாம் வகுப்புக்குப் புத்தகத்தை வாசிப்பார். ஒன்றுக்குப் போகவேண்டும் என்று சுண்டுவிரல்கள் எழுந்தால் அது குப்பை. பல்லேகமவிலிருந்து மாத்தளைக்கு மாற்றலாகி வந்த பிறகும் அவர் இந்தப் பரீட்சையை விடவில்லை.

அறுபத்து நாலில் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடி அலுமாரி ஒன்று வந்தது; அதில் வைக்க வகுப்புக்கு ஒரு புத்தகம் வாங்கலாம் என்று முடிவானது. இரண்டாம் வகுப்புக்கென்று தலைமையாசிரியர் தில்லையம்பலம் சிபாரிசு செய்தது நல்லொழுக்கம் பற்றிய ஒரு தடித்த புத்தகம். டீச்சர் கேட்டதோ, ஓட்டைத் தோணியில் ஏறிய ஆட்டின் படக்கதை.

"ஆடு தோணி ஓட்டுமோ? பிள்ளையளுக்கு உந்தப் பொய்யெல்லாம் என்னத்துக்கு, டீச்சர்?"

"ரெண்டையும் வாசிச்சுப் பாப்போம் சேர்."

தீர்ப்புச் சொல்ல வந்தவர் பெற்றார் சங்கத் தலைவர், இறைச்சிக்கடை பதுர்தீன் ஹாஜியார். டீச்சருக்குச் சப்பென்று போய்விட்டது. கொக்கியில் தொங்கும் ஆட்டைத் தவிர வேறு ஆட்டை இந்த மனிதர் எங்கே கண்டார்! ஆனாலும் அவர் தலையாட்டாவிட்டால் படக்கதை கடைக்கே திரும்பிவிடும். பிள்ளைகள் வருடம் முழுக்க நல்லொழுக்கத்தையே மென்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

தில்லையம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாலையில் எழுவதன் நன்மைகளை வாசித்தார். இரண்டாம் பக்கத்திலேயே விரல்கள் எழுந்தன. சற்று நேரத்தில் பாதி வகுப்பு வெளியே. "லுஹர் தொழுகைக்கு நேரமாகுது," என்று ஹாஜியாரும் எழும்பிவிட்டார்.

போன பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் டீச்சர் தொடங்கினார். ஆடு தோணியில் ஏறியது. நடு ஆற்றில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. ஒரு விரலும் எழவில்லை. முன்வாங்கில் உட்கார்ந்திருந்த ஸைனம்புவின் காலடியில் மட்டும் தரை மெல்ல நனைந்தது.

தில்லையம்பலத்துக்கு வாயெல்லாம் பல். "பாத்தியளோ! உதுதான் உங்கட புத்தகம் பழக்கிற ஒழுக்கம்!"

சீ, இதுவும் ஒரு மனுஷனா என்று டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளை கூனிக்குறுகி அழுகிறது, இவருக்கு இளிப்பு! ஸைனம்புவை அணைத்துக்கொண்டார். "ஏன் மகள், கேட்டா விட்டிருப்பேனே?"

"போனா ஆட்டுக்கு என்ன நடந்திச்சிண்டு தெரியாதே டீச்சர்," என்று விம்மியது பிள்ளை.

"சரி ஹாஜியார், உது வேண்டாம் எண்டு முடிவெடுப்பம்," என்றார் தில்லையம்பலம்.

தொழுகைக்குப் போகக் கிளம்பிய ஹாஜியார், தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும் சேர்," என்றார். "டீச்சர், அந்த ஆடு தப்பிச்சிச்சா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல."