கேட்டுக்கும் பெல்லுக்கும் நடுவில்

"நாய் துரத்தினா ஓடாதே, அப்படியே..." என்று அப்பா ஒன்று சொல்வார். அப்படியே நிற்க வேண்டுமா, உட்கார வேண்டுமா என்பது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வருவதில்லை. அவர் சொன்ன காலத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்ட காலத்தில் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. கூரியர் வேலை என்றால் தபாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது அடுத்தவர் வீட்டு நாய்களிடம் தினமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்கிற வேலை.

பால், பேப்பர், கேஸ் சிலிண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எதற்காகவாவது வீடு வீடாக ஏறி இறங்கியவராக இருந்தால், இதைப் படிக்கும்போதே உங்கள் கை கெண்டைக்காலைத் தடவிப் பார்க்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு கூரியர் கிளை. டிப்ளமாவில் ஒரு பேப்பரைப் பாக்கி வைத்துவிட்டு, பத்தொன்பது வயதில், சொந்த சைக்கிளோடு சேர்ந்தேன். திருமுல்லைவாயில் தொடங்கி ஆவடி, கோவில்பதாகை வரை என் ஏரியா. மூன்று மாதத்துக்குள் மூன்று புகார் வந்தால் வீட்டுக்கு, வராவிட்டால் நிரந்தரம் என்றார் கிளை மேலாளர் பாஸ்கர். அப்பா ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தார். அந்த வருடம் ஓய்வு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவரை உட்கார வைத்து ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பையன் என்ன பண்றான்?" அதற்கு ஒரு பதில் இல்லாமல் அப்பா திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது.

சங்கிலி பிடித்த கை

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் காலையில் ஒரு பெரியவர் வாக்கிங் வருவார். வெள்ளை அரை டிராயர், கான்வாஸ் ஷூ, கையில் பளபளவென்று ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் எதுவும் இருக்காது. அதில் இருந்திருக்க வேண்டிய டாபர்மேன், அவருக்கு ஐம்பது அடி முன்னால், தன் சொந்த வேலையாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அது என் சைக்கிள் கேரியரில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்தது. நான் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். ரோடு முழுக்கக் கவர்கள். அதில் ஒரு கல்யாணப் பத்திரிகையை மட்டும் மஞ்சள் வாசனைக்காகத் தேர்ந்தெடுத்து வாயில் கவ்விக்கொண்டு அது கிளம்பிவிட்டது. பெரியவர் அவசரப்படாமல் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், குனிந்து கவர்களைப் பொறுக்கிக் கொடுத்தார். சங்கிலியைக் கழுத்தில் மாட்டினால் நன்றாக இருக்குமே சார் என்று பணிவாகத்தான் சொன்னேன். கையிலிருந்த சங்கிலியை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "மாட்டினா அது என்னை இழுத்துட்டு ஓடுதுப்பா. எனக்கு முட்டிவலி."

தைரியத்துக்கு

பத்திரிகை போய்ச் சேராத வீட்டிலிருந்து முதல் புகார் வந்தது. பாஸ்கர் ஒரு விரலை மடக்கிக் காட்டினார்.

குவார்ட்டர்ஸ் ஏரியாவில் வேறு விதம். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் அங்கே இருந்தார்கள். 'ஒண்ணும் பண்ணாது' என்பதை மதுரை, கோவை, தஞ்சாவூர் என்று எல்லாப் பேச்சிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் நாயிடம் பேசும்போது மட்டும் எல்லோரும் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள். பெற்ற பிள்ளையை 'ஏல, உக்காருல' என்பவர்கள் நாயை 'ஸிட்' என்பார்கள். நான் எட்டாவது வரை தமிழிலும் அதற்குமேல் இங்கிலீஷிலும் படித்தவன். படித்ததற்கு ஒரு பயன் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் வீட்டு நாய் ரோட்டுக்கே வந்து என்னை எதிர்கொண்டபோது, நிமிர்ந்து நின்று, எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் குரலில் "ஸிட்" என்றேன். அது நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு முன்னைவிட வேகமாக வந்தது. நான் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டேன். அங்கிருந்தபடியே, நீங்கள் சொன்னால் மட்டும் உட்காருமா என்று அந்த வீட்டு அம்மாவைக் கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஆரு சொன்னாலும் உக்காராது தம்பி. வாரவங்களுக்கு ஒரு தைரியம் வரட்டும்னுதான் நாங்க சொல்லுதது."

டி.எல்.

எங்களிடம் ஒரு டெலிவரி ஷீட் உண்டு. கவரைக் கொடுத்தால் அதில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கட்டத்தில் 'டி.எல்.' என்று எழுதுவோம். டோர் லாக்டு, வீடு பூட்டியிருந்தது என்று அர்த்தம். மூன்று டி.எல். விழுந்தால் கவர் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

எனக்கு முன்னால் பத்து வருடமாக இந்த வேலையில் இருந்த ஏழுமலை ஒரு மதியம் டீ குடிக்கும்போது என் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் ஷீட்டில் என்னைவிட இரண்டு மடங்கு டி.எல். இருந்தது, அவர் கெண்டைக்காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஏரியாவில் ஜனங்கள் வீட்டில் தங்குவதே இல்லையா என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊடு பூட்டிக்கினு கீதுன்னாலும் உள்ள போவ முடியாது, நாய் கீதுன்னாலும் உள்ள போவ முடியாது. பூட்டுக்குப் பல்லு கெடையாது, அவ்ளோதான் மாமே வித்தியாசம்."

பூட்டு இல்லாத வீடு

கோவில்பதாகையில் ஏரிப் பக்கம் ஒரு வீடு. வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர். செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். அந்த வீட்டுக் கேட்டை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. அதனால் டைகர் தெருமுனை வரைக்கும் தன் வாசல் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அழைப்பு மணி எங்கே என்றால், எல்லா வீட்டிலும் போலவே, உள்ளே, வாசற்கதவின் நிலையில். பெல் அடித்தால் ஆள் வரும். ஆள் வந்தால் நாயைப் பிடிக்கும். நாயைப் பிடித்தால்தான் நான் போய் பெல் அடிக்க முடியும்.

அந்த வீட்டு அம்மா பெயர் சரோஜா. அவருக்கு ஓசூரிலிருந்து தம்பி அனுப்பிய கவர் ஒன்று வந்தது. மூன்று நாள் முயன்றேன். தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று முயன்றேன் என்று சொல்வது சரியாக இருக்கும். மூன்று நாளும் டி.எல். எழுதினேன். கவர் ஓசூருக்கே திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் சரோஜா அம்மா ஆவடியில் பஸ் ஏறி, கிளைக்கே நேரில் வந்துவிட்டார். மூன்று எருமை வைத்திருப்பவர், பகலில் வீட்டைவிட்டு நகர்வதே இல்லை. பாஸ்கர் என் ஷீட்டை எடுத்து, இதோ பாருங்கம்மா, மூணு நாளும் வீடு பூட்டியிருந்ததாக எழுதியிருக்கிறதே என்று காட்டினார். நான் சீல் வைக்கும் மேஜைக்குப் பின்னால் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா சண்டை போடவில்லை; ஆச்சரியம்தான் பட்டார். "எங்க ஊட்டுக்குப் பூட்டே கெடையாதே நைனா. டைகரு இருக்க சொல்லோ பூட்டு எதுக்கு?"

உட்கார்ந்து பார்த்தேன்

இரண்டாவது விரலும் மடங்கியது. மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அதே வீட்டுக்கு இன்னொரு கவர். அந்த அம்மாவின் மகள் கலைவாணி பெயருக்கு, கிண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து. நேர்முகத் தேர்வுக் கவர் எப்படியிருக்கும் என்பது, வராதா என்று காத்திருந்தவனுக்குத் தெரியும். ஏற்கெனவே வழியில் எங்கோ தாமதமாகி வந்திருந்தது. கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தால் ஷீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே போய்விடு என்றார் பாஸ்கர்.

மதியம் இரண்டரைக்குப் போனேன். டைகர் தெரு நடுவில் படுத்திருந்தது. "கூரியர்" என்று கத்தினேன். அது என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, ஒண்ணும் பண்ணாது போப்பா என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பை நிறைய அடுத்த தெருக்களின் கவர்கள். ஆனாலும் வேப்பமரத்தடிக்குப் போய் அந்த இரண்டு எழுத்தை எழுத இந்த முறை கை வரவில்லை. அந்தப் பெண் எந்த நாள் போக வேண்டுமோ, அந்த நாள் இந்தக் கவருக்குள் இருந்தது.

அப்பா சொன்னது ஞாபகம் வந்தது, பாதி. முதலில் நின்று பார்த்தேன். டைகர் உறுமிக்கொண்டே என்னைச் சுற்றி வந்தது. நிற்பது இல்லை போலிருக்கிறது என்று, தெரு நடுவில் பந்திக்கு உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டைகர் குழம்பிப்போனது. அதன் அனுபவத்தில் ஓடியவர்கள்தான் அதிகம், உட்கார்ந்தவர் யாரும் இல்லை. பையை முகர்ந்தது, என் காதை முகர்ந்தது, பிறகு எதிரில் தானும் உட்கார்ந்தது. குழாயடிக்குப் போன பெண்கள் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். இருபது நிமிடம் அப்படியே இருந்தோம்.

டைப்பிங் வகுப்பு முடிந்து கலைவாணி வந்தாள். எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் குனிந்து ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள். கவரைப் பிரித்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு என்றிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், சந்தோஷத்தில் நானும் சட்டென்று எழுந்தேன். டைகர் கடித்தது.

கிரைண்டர் நின்று, சரோஜா அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். என் காலைப் பார்த்தார், டைகரைப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்: "இம்மாம் நேரம் நல்லாத்தானே உக்காந்துகினு இருந்தே, நீ இன்னாத்துக்கு நைனா எழுந்தே?"

டைகர் எப்படி இருக்கிறது?

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பால்காரர், பின்னால் ஒரு மீட்டர் ரீடர். தொழில்முறை மாநாடு போலிருந்தது. நர்ஸ் ஒரு விஷயம் சொன்னார்: கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்தாவது நாளும் அது நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம். நாய்க்கு ஏதாவது ஆனால், என்று ஆரம்பித்தவர் மீதியைச் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படியாக, யாருக்குப் பயந்து மூன்று மாதம் அந்தத் தெருவைச் சுற்றிப் போனேனோ, அவர் உடல்நலம் விசாரிக்கத் தினமும் போக வேண்டி வந்தது. டைகரை அவர்கள் கட்டி வைத்திருந்தார்கள், பிறந்ததிலிருந்து முதல் முறையாக. அவமானத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. முதல் நாள் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டேன், நல்லா கீது என்றார்கள். மூன்றாம் நாள் சரோஜா அம்மா மோர் கொடுத்தார். நான் டம்ளரை வாயில் வைக்கும் வரை காத்திருந்து, கவலையோடு கேட்டார்: "உன்னக் கடிச்சதுலேர்ந்து அது சரியா துன்ன மாட்டேங்குது. உனுக்கு எதுனா நோவு கீதா நைனா?"

பதில்

கயிறுதான் அதன் பசிக்குத் தடை என்று ஐந்தாம் நாள் தெரிந்தது. அவிழ்த்துவிட்டதும் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டது. பத்தாவது நாள் என் பையை முகர்ந்துவிட்டு வாலாட்டியது. மீதி நாலு ஊசியை டைகர்தான் எனக்கு மிச்சப்படுத்தியது. கலைவாணிக்கு வேலை கிடைத்தது. ஆவடியில் காலை ரயில் பிடிக்க ஆரம்பித்தாள். பாஸ்கர் இரண்டு விரலையும் மடக்கியபடியே யோசித்துவிட்டு, மூன்றாவதை மடக்காமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மோர் குடித்த நாட்களில் எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லியிருந்தேன். அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. சரோஜா அம்மாவே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல, பையன் என்ன பண்றான் என்று ஆரம்பித்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்: "கூரியர்ல பர்மனென்ட்டு. எங்க டைகரே கடிச்ச புள்ள, நம்பி ஊட்டக் குடு."

அந்த போர்ஷனில் ஆறு வருடம் இருந்தோம். அங்கிருந்துதான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, போன வருடம் திரும்பி வந்து திருமுல்லைவாயிலில் வீடு கட்டினேன். இப்போது பார்சல் கொண்டுவருகிறவர்கள் தெருமுனையிலிருந்தே போன் செய்து, சார், வீட்ல நாய் இருக்கா என்று கேட்கிறார்கள். குரலைக் கேட்டாலே அவர்கள் நிற்பது மரத்தடியில் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நாய்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம், நாய் வைத்திருப்பவர்களைப் பற்றித்தான்.

மகள் நாய்க்குட்டி வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பெல்லைக் கேட்டுக்கு வெளியே மாற்றி வைத்துவிட்டு, அவளிடம் சரி என்றேன்.