கேன்டீன் சுவரில் மூன்று மொழிகள்

என் அக்கா ஆரோக்கியமேரி புனே பக்கம் ஆகுர்டியில் வீட்டிலிருந்தபடியே ஸ்பானிஷ், இத்தாலிய மொழிபெயர்ப்பு செய்கிறாள். லத்தீன், கன்னியர் மடத்தில் இருந்த இரண்டு வருடங்களில் கற்றது. விஜய் மாமா, அவள் கணவர், ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. வேலை நிரந்தரமாவது எப்போது என்று கேட்டால், ஒவ்வொரு வருடமும் நிர்வாகத்தில் அடுத்த வருடம் என்பார்கள்.

இத்தாலியிலிருந்து முதலாளிகள் வருவதால், ‘இந்த நொடியில் வாழுங்கள்’ என்பதை மூன்று மொழிகளிலும் கேன்டீன் சுவருக்கு எழுதித் தரும்படி அதே நிர்வாகம் அக்காவைக் கேட்டது.

“இவங்களுக்கு வெக்கமே இல்லையா?” என்றாள்.

“எழுதிக் குடுத்துரு மேரி. அவங்க கோவிச்சுக்கிட்டா பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு வராது.”

“அப்ப இந்தப் பதினோரு வருஷமும் கோவமாவா இருந்தாங்க?”

எந்த வாக்கியத்தையும் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துத்தான் ஒன்றை அனுப்புவாள். அன்று மூன்று மொழிகளிலும் அனுப்பியது, ‘இன்று தர வேண்டியதை நாளைக்குத் தள்ளாதே.’ ஆங்கிலத்தில் அர்த்தத்தையும் ஒளிக்காமல் கீழே எழுதினாள். யாரும் படிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று பதில் வந்தது.

முதலாளிகள் வந்து, சுவரில் அதை வாய்விட்டுப் படித்து, முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மாமா மேலாளரிடம் அந்தச் சுவரைக் காட்டி, அர்த்தம் சொல்லி, தன் வேலையைப் பற்றிக் கேட்டார். மேலாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த வருடம் என்றார்.