ராமாத்தாள் பெயரில் ஒரு குழாய்

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணி. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் வாசலை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் கம்ப்ரஸர் லாரி. இரண்டுக்கும் நடுவில், தலையில் துண்டு கட்டிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, வண்டியைப் பார்க்க முண்டியடித்த பிள்ளைகளைக் கோழிக்குஞ்சுகளை ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ளைங்களைக் கொஞ்சம் பொறத்தால கூட்டிட்டுப் போங்க. தொளைக்கற பிட்டு எறங்குச்சுன்னா மாவு மில்லாட்டம் பறக்கும். அப்புறம் எது உங்க புள்ளை, எது எங்க புள்ளைன்னு தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது துண்டின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டார். மருதாசலத்தை நான் முதன்முதலில் கண்டது இப்படித்தான்.

ஜலகண்டாபுரத்திலிருந்து ஓமலூர் செல்லும் சாலையில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. தறிகளும் நிலக்கடலைக் காடுகளும் உண்டு. நல்ல தண்ணீர் மட்டும் இல்லை. பள்ளியின் அடிபம்பில் வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு. பக்கத்துக் காட்டில் ஒரு விவசாயிக்கு ஆழ்துளைக் கிணறு தோண்ட வந்த மருதாசலம், விடுமுறையில் பள்ளித் திடலில் விளையாடிய பிள்ளைகள் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்து முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறார். அந்த ஆண்டுதான் அவருடைய தாயார் ராமாத்தாள் காலமாகியிருந்தார். தாயின் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஒரே ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவர் என்ற நிலையிலும், திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை எங்கள் பள்ளியில் நிறுத்திவிட்டார்.

எண்ணூறு அடிக்குக் கீழே தண்ணீர் பீறிட்டது. கலங்கல் வடியும் வரை காத்திருந்து, கையில் ஏந்தி, முதல் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். இரண்டாவது வாயை நாக்கில் உருட்டி விழுங்கினார்.

"கல்கண்டுங்க!" என்றார். "ஆழம் போகப் போக அமிர்தம். எனக்கு நாக்குதானுங்க தண்ணி சோதிக்கற லேபு."

தொட்டி கட்டி, குழாய் வைத்து, அதன்மேல் 'தாயார் ராமாத்தாள் நினைவாக' என்று நீல வண்ணத்தில் எழுதுவித்தார். பள்ளி விட்டதும் ஊர்ப்பெண்கள் குடங்களுடன் வந்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்குவதுகூட அந்தத் தண்ணீரில்தான். ஆண்டுதோறும் சுதந்திர நாளன்று மருதாசலம் ஆரஞ்சு மிட்டாய்ப் பையுடன் வருவார். கொடியேற்றியதும் தாயின் பெயரிட்ட குழாயில் ஒரு வாய் குடிப்பார். எங்களோடு கதை பேசிவிட்டுப் போவார்.

அவருடைய பற்கள் பழுப்பேறி, கோடு கோடாக இருக்கும். ஒருமுறை தலைமையாசிரியை தெய்வநாயகி, வெற்றிலையை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டுவிட்டார்.

"வெத்தலையைத் தொட்டதே இல்லீங்க டீச்சர். இது எங்க கூட்டத்துப் பல்லு. எங்க ஊர்ல இருக்கறது பூராப் பங்காளிங்க. அத்தனை பேருக்கும் இதே பல்லுதான். பொண்ணு பார்க்கப் போனா, சிரிச்சதும் எந்த ஊர்னு கண்டுபுடிச்சுருவாங்க." துண்டு மறுபடியும் வாய்க்குப் போயிற்று.

2022ஆம் ஆண்டு ஜூலையில் பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. வந்திருந்த மருத்துவர் தேவிப்ரியா, ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை மட்டும் தனியே நிற்கவைத்துப் பார்த்தார். பலருக்கு முன்பற்களில் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்புக் கோடுகளும் இருந்தன. எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டு, குழாயிலிருந்து புட்டியில் பிடித்துப் போனார். ஃபுளோரைடு, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் இரு மடங்கு என்று முடிவு வந்தது. ஆழத்துப் பாறையிலிருந்து கரைந்து வருவது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது; நாளடைவில் பல்லோடு எலும்பையும் கெடுக்கும்.

இங்கேதான் நாங்கள் எங்கள் ஊர் வழக்கப்படி நடந்துகொண்டோம். இடைப்பட்ட ஆண்டுகளில் தெருக்குழாய்க்கு வந்திருந்த காவிரித் தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். ஆனால் குழாயை அடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. "செத்துப்போன தாய் பேர்ல வெச்ச கொழாயை அவரைக் கேக்காம அடைக்கறதா?" என்றார் தெய்வநாயகி. "போன்ல சொல்ற சேதியா இது? ஆகஸ்டுல வரட்டும். உக்கார வெச்சு, காப்பி குடுத்து, பக்குவமாச் சொல்லலாம்." எல்லோரும் தலையாட்டினோம். மாலையில் குடங்கள் வழக்கம்போல் நிரம்பிக்கொண்டிருந்தன.

ஆகஸ்டு பதினைந்து வந்தது, மருதாசலமும் வந்தார். கொடியேற்றம் முடிந்து காப்பி வருவதற்குள் அவர் குழாயடிக்குப் போய்விட்டார். குடித்து நிமிர்ந்தவர், பிள்ளைகள் அனைவரும் புட்டியும் கையுமாக மரத்தடியில் நிற்பதைக் கவனித்தார்.

"என்ன கண்ணு, தண்ணிய ஊட்லருந்து சொமந்துட்டு வாரீங்க? தாத்தா தண்ணி கசக்குதா?"

ஐந்தாம் வகுப்பு யுவஸ்ரீ சிரித்தாள். சிரித்தவுடன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகாமுக்குப் பிறகு பையன்கள் கேலி செய்ததால் வந்த பழக்கம் அது.

மருதாசலத்தின் முகம் மாறியது. அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"கையை எடு சாமி."

அவள் எடுத்தாள்.

"உங்க ஊட்ல யாருக்காச்சும் இந்தப் பல்லு இருக்குதா?"

"இல்லீங்க தாத்தா. அம்மா பல்லு வெள்ளையா இருக்கும்."

"அப்பன் என்ன பண்றாரு?"

"தறி ஓட்டறாருங்க. நாங்க இந்தத் தண்ணிய இப்பக் குடிக்கறதில்லீங்க. பல்லு இப்படி ஆயிருமாமுங்க."

அவர் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க டீச்சர், நெசவுக்காரங்க ஊட்டுப் புள்ளைக்கு எங்க கூட்டத்துப் பல்லு எப்படீங்க வந்துச்சு?"

தெய்வநாயகி, தயாரித்து வைத்திருந்த பக்குவத்தையெல்லாம் மறந்து, உள்ளதைச் சொல்லிவிட்டார். மருதாசலம் முழுவதும் கேட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஒரு போன் போடறதுக்கு என்னுங்க? ஒரு மாசமா எங்கம்மா பேர்ல கொளந்தைங்க வவுத்துக்குக் கெடுதல் போயிட்டிருக்குது. நீங்க மருவாதி பார்த்துட்டிருக்கீங்க!"

தன் வண்டியிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்து வந்து, குழாயைக் கழற்றி, அந்த வாயை அடைத்தார். நாற்பது ஆண்டுகளாகத் தண்ணீரைத் திறந்துவிட்டே பழகிய கை அது. மரையை இறுக்கிய பிறகும் ரெஞ்சை எடுக்காமல் சற்று நேரம் பிடித்தபடியே இருந்தார்.

மாலையில் குடங்களோடு வந்த பெண்கள் சண்டைக்கு நின்றார்கள். அவர்களில் வாயாடி என்று பெயரெடுத்த கோகிலவாணி முன்னால் வந்தாள்.

"தானம் குடுத்துட்டு, குடிக்கற வாயில இருந்து புடுங்கறீங்களாக்கும்? காவேரித் தண்ணி மருந்து நாத்தம் அடிக்குதுங்க. மூக்கைப் புடிச்சுட்டா குடிக்கறது?"

"புடிச்சுட்டே குடி ஆத்தா."

"இந்தத் தண்ணிக்கு என்னுங்க கொறை? கல்கண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மருதாசலம் தோளிலிருந்த துண்டை எடுத்து வண்டிமேல் போட்டார். அத்தனை பெண்கள் நடுவில், வாயை மூடாமல், உதடுகளை விரித்துத் தம் பற்கள் முழுவதையும் காட்டினார்.

"நல்லாப் பார்த்துக்க. கல்கண்டுத் தண்ணி குடிச்ச வாயி இது. எங்கம்மா சாகற வரைக்கும் குனிஞ்சேதான் நடந்தா. கல்லு சொமந்த முதுகுன்னு நெனச்சோம். எங்க ஊருக் கெணத்தை யாரும் சந்தேகப்படலை, பாரு. உம்மகளையும் இப்படி வாய் மூடிச் சிரிக்க வெக்கப் போறியா?"

கோகிலவாணி இடுப்பிலிருந்த குடத்தை எதிர்ப்புறம் மாற்றிக்கொண்டு, தெருக்குழாய் இருக்கும் பக்கமாக நடந்தாள். மற்றவர்கள் முணுமுணுத்தபடியே பின்தொடர்ந்தார்கள்.

அடுத்த வாரமே மருதாசலம் ஆட்களோடு வந்தார். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கழிவறைக்கும் வேப்பங்கன்றுகளுக்கும் திருப்பிவிட்டார். தெருவுக்கு வரும் காவிரிக் குழாயிலிருந்து பள்ளிக்குத் தனி இணைப்பு இழுத்தார். கடைசியாக வெள்ளை வண்ணமும் தூரிகையும் வாங்கி, தாயின் பெயரைத் தாமே அழித்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற தெய்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல தண்ணிக்குப் புதுத் தொட்டி கேட்டு எழுதியிருக்குதுங்க. வந்ததும் மொதல்ல உங்கம்மா பேருதான். இது என் வாக்கு."

"அப்பச் சரிங்க. அது எனக்கு நீங்க பட்ட கடன்," என்று மருதாசலம் சிரித்தார். துண்டு வாய்க்குப் போகவில்லை.

புதுத் தொட்டி வர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் தெய்வநாயகி ஓய்வு பெற்றுவிட்டார். எங்கோ செதுக்கப்பட்ட கறுப்புக் கல் ஒன்று தொட்டியோடு வந்து சேர்ந்தது. திட்டத்தின் பெயரும், திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர் பெயர்களும் அதில் பொன்னெழுத்தில் இருந்தன. ராமாத்தாள் இல்லை. கல்லில் சேர்க்க மனுக் கொடுத்தோம்; அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மருதாசலம் மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறார். மிட்டாயைப் பங்கிட்டுவிட்டுத் தொட்டியருகே போகிறார். கல்லிலுள்ள பெயர்களை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக வாசிக்கிறார். கடைசிப் பெயர் முடிந்ததும் விரலை எடுத்துக்கொண்டு, குழாயைத் திறந்து, இரு கைகளாலும் ஏந்திக் குடிக்கிறார்.

"மருந்து வாசம் இன்னிக்குச் சித்தெ தூக்கலுங்க. இருக்கட்டும், நல்லதுதான்," என்கிறார். பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டு, யுவஸ்ரீ இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று விசாரிக்கிறார். தாயின் பெயரைப் பற்றி இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை.