பூநாரை பார்க்கப் போய் வலை பிரிச்ச கதை

இன்னிக்கு வார லீவு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில எங்க ஷிப்டு பொண்ணுங்க அஞ்சு பேரும் பழவேற்காடு ஏரித் தீவைப் பார்க்க போட்டுல போனோம்.

தூரத்துல பூநாரைக் கூட்டம். "இன்னும் கிட்டப் போங்கண்ணா"ன்னு நான்தான் நச்சரிச்சேன்.

"அந்தப் பக்கம் வேணாம்மா"ன்னாரு போட்டுக்காரர். நான் உடல. திருப்பினாரு.

இன்ஜின்ல வலை சுத்திக்கினு போட்டு நின்னுடுச்சு. பறவைங்க மொத்தமும் எழும்பிப் போயிடுச்சு.

வலைக்காரங்க ரெண்டு பேர் படகுல வந்து மறிச்சு, போட்டுக்காரரைப் புடிச்சுக்கினாங்க.

"இன்னிக்கு இங்க வலை கட்டுற முறை எங்களுது. இதை உட்டா மறுபடி எங்க முறை வர எத்தினி நாளாவும்? உனக்குத் தெரியாதா? யாரு இங்க வரச் சொன்னது?"

எங்க பொண்ணுங்க எல்லாம் என்னையே பார்த்தாளுங்க. போட்டுக்காரர் மட்டும் பார்க்கல.

"தெரியாம வந்துட்டேன்"னாரு.

அந்த ஏரிக்கரையிலயே பொறந்தவரு. அவங்க நம்பல. ஒருத்தர் அடிக்கத் துடுப்பை ஓங்கினாரு.

"நான்தாண்ணா வரச் சொன்னேன்." நான் எழுந்து நின்னேன்.

துடுப்பைக் கீழ வெச்சாரு. "அப்ப நீயே இறங்கிப் பிரி."

முழங்கால் தண்ணியில நின்னு, கிழியாம, சாயங்காலம் வரைக்கும் பிரிச்சேன்.

பூநாரை போட்டோ ஒண்ணுகூட இல்ல. நான் வலை பிரிக்கிற போட்டோ மட்டும் ஏகப்பட்டது இருக்கு. எடுத்த நாலு பேர்ல ஒருத்திகூட தண்ணியில கால் வைக்கல.

அவளுங்கள டேக் பண்ணட்டுமா?